திருவையாறு போகிற வழியில் பறவை பார்க்க எங்கே இறங்கலாம்?

திருவையாற்றில் நடக்கும் தியாகராஜ ஆராதனைக்குப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போகிற பாட்டு டீச்சர்கள், கூடவே காவலுக்கு வரும் அப்பா அம்மாக்கள், எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "போற வழியில எங்கயாவது பறவை காட்ட முடியுமா சார்?" முடியும். தை மாதம் டெல்டாவில் பறவைக்குப் பஞ்சமே இல்லை. வடக்கே பனி கொட்டும் நாடுகளிலிருந்து வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஏரி ஏரியாக இறங்கியிருக்கும், உள்ளூர் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சோடு இருக்கும், அறுவடை வயலில் கொக்குகள் மெஷின் பின்னாலேயே நடக்கும். பறவை எங்கே இருக்கிறது என்பதில் சிக்கல் இல்லை. முப்பது பிள்ளைகள், நாலைந்து மிருதங்கம், ஏழெட்டு வயலின், சாயங்காலம் ஒத்திகை, மறுநாள் காலை எட்டு மணிக்குள் பட்டுப்பாவாடையும் வேட்டியுமாகப் பந்தலில் உட்கார வேண்டிய கட்டாயம் என்று இத்தனையும் தலைக்கு மேல் இருக்கும்போது எந்த இடம் தோதுப்படும் என்பதுதான் சிக்கல்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு இடம் என்றால் வடுவூர். அதற்கும் நேரமில்லை என்றால் திருவையாற்று ஆற்றங்கரையே போதும். கூடுதலாக ஒரு முழு நாள் கையில் இருந்தால் மட்டும் கோடியக்கரை. கரைவெட்டி, ஏற்கெனவே பறவைப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேருக்கு. வேடந்தாங்கல் நல்ல இடம், ஆனால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் தேதி. ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதியில் வருகிறது, அதனால் ஆங்கிலத் தேதி வருஷா வருஷம் நகரும். 2023இல் ஜனவரி 11, 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18. இது பறவைக்கும் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். பஞ்சமி ஜனவரி முற்பாதியில் வந்தால் காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஆற்றில் பறவை குறைவு, ஏரிகளில் அதிகம். மாதக் கடைசியில் வந்தால் ஆறு வற்றத் தொடங்கி மணல் திட்டும் குட்டையுமாக ஆகிவிடும், அப்போது கொக்கு, உள்ளான், வாலாட்டி எல்லாம் ஆற்றுக்குள்ளேயே வந்து இறங்கும். மழை பொய்த்து அணையை முன்கூட்டியே மூடிவிட்ட வருஷங்களில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அதனால் இடத்தை முடிவு செய்யும் முன் பஞ்சமி எப்போது, மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். பொங்கலுக்கு ஒட்டி வந்தால் கூட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, வேடந்தாங்கல். சென்னையிலிருந்து கிளம்புகிற குழு எதுவானாலும் முதலில் இதைத்தான் சொல்லும், ஏனென்றால் ஜிஎஸ்டி ரோட்டில் போகும்போது படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினால் கொஞ்ச தூரம்தான். இடமும் லேசுப்பட்டதில்லை. 1798வாக்கிலேயே, அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஊர்க்காரர்கள் போய் முறையிட்டதன் பேரில் இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அதில் பிழைப்பும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். மொத்தமே 30 ஹெக்டேர்தான், சின்ன ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், சங்குவளை நாரை, பாம்புத்தாரா எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி கூடு வைத்திருக்கும். கரையில் நின்றாலே தெரியும், பைனாகுலர்கூட வேண்டாம். பறவையே பார்த்திராத பிள்ளைக்கு முதல் பார்வையிலேயே ஆசை பிடிக்க வைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? நேரம்தான். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டுமானால் சென்னையில் நாலு மணிக்கே பஸ் எடுக்க வேண்டும், நாலு மணிக்குக் கிளம்பப் பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்ப வேண்டும். எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பினால் விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை, கும்பகோணம் என்று சுற்றித் தஞ்சாவூர் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும், பாதிப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கும், சாயங்கால ஒத்திகையில் ஒருத்தர் சுருதியும் ஒருத்தரோடு ஒட்டாது. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். திரும்பி வரும்போது யாருக்கும் எதுவும் வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கும். காணும் பொங்கல் பக்கத்தில் வந்தால் அந்த ஏரிக்கரையில் பறவையைவிட மனிதத் தலைகள்தான் அதிகம். சென்னைப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அழைத்துப் போங்கள், நன்றாக இருக்கும். கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது வழியிலேயே இல்லை.

கரைவெட்டி இதற்கு நேர் எதிர். பெயர் தெரிந்தவர்கள் குறைவு, திருவையாற்றுக்குப் பக்கம், ஏரியோ பெரிது. திருவையாற்றிலிருந்து வடக்கே கொள்ளிடம் பாலம் தாண்டித் திருமானூர், அங்கிருந்து கீழப்பழுவூர் போகிற ரோடு. பழுவேட்டரையர்கள் ஆண்ட சீமை என்று சொன்னால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து ஜன்னல் பக்கம் வருவார்கள். சுமார் 450 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் மேட்டூர்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து நிரப்புகிறது. 1999இல் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வரித்தலை வாத்து இங்கேதான். மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வாத்து, வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை, கூட்டமாகக் கத்தினால் தூரத்தில் யாரோ பஸ் ஹாரனை அமுக்கி அமுக்கி விடுகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு பறவைக்காகவே நான் கரைவெட்டி போவேன்.

ஆனால் முப்பது பேரோடு போகமாட்டேன். ஏரி பெரிது என்பதால் பறவைகள் நட்ட நடுவில் புள்ளி புள்ளியாக இருக்கும். ஸ்கோப், அதாவது முக்காலியில் நிறுத்திப் பார்க்கிற தொலைநோக்கி இல்லாமல் வரித்தலை வாத்தைக் காட்டினால் "அதோ அந்தக் கறுப்பா சார்?" என்று கேட்டுவிட்டு மரியாதைக்குத் தலையை ஆட்டுவார்கள். ஒரு ஸ்கோப் வைத்தால் அதன் பின்னால் முப்பது பேர் வரிசை, கடைசி ஆள் வருவதற்குள் வாத்து இடம் மாறியிருக்கும். அரியலூர் சிமென்ட் லாரிகள் வேறு அந்த ரோட்டில் ஓயாது. கரையில் நிழல் குறைவு, ஒன்பது மணிக்கு மேல் வெயில் உறைக்கும், கடை கண்ணியும் பக்கத்தில் கிடையாது. நாலைந்து பெரிய பிள்ளைகள், ஒரு கார், ஒரு ஸ்கோப், பஞ்சமிக்கு மறுநாள் காலை, இப்படி என்றால் கரைவெட்டி அருமை.

இப்போது வடுவூர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். லாட்ஜில் காபியைக் குடித்துவிட்டு ஆறு மணிக்கு ஏறினால் ஏழுக்குள் ஏரிக்கரையில் நிற்கலாம், ஒன்பதரைக்கெல்லாம் திரும்பி இட்லி சாப்பிட்டுவிட்டு ஒத்திகைக்கு உட்காரலாம். நான் இதை முதலில் வைப்பதற்குப் பாதிக் காரணம் இந்த நேரக் கணக்குதான். இதுவும் மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பும் பாசன ஏரி, கோடையில் காய்ந்துவிடும், தையில் நிறைந்திருக்கும். பரப்பு 100 ஹெக்டேருக்குச் சற்று மேல், அதாவது வேடந்தாங்கல் மாதிரி கைக்குட்டை அளவும் இல்லை, கரைவெட்டி மாதிரிக் கடலும் இல்லை. 1999இல் சரணாலயம், 2022இல் ராம்சார். ரோட்டை ஒட்டியே ஏரி, பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுக் கரை மேல் ஏறிவிடலாம், கோபுரமும் உண்டு. நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மரத்தில், கிளுவையும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தண்ணீரில், நாணல் ஓரத்தில் நீலத் தாழைக்கோழி. பைனாகுலரில் தெளிவாகத் தெரிகிற தூரத்தில் பாதியாவது இருக்கும்.

அங்கே பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது நத்தை குத்தி நாரையை. வாத்துகளை விட்டுவிட்டு ஏன் இது என்றால், இது அவசரப்படாது, ஒரே இடத்தில் நின்று வேலை செய்யும், அதனால் முப்பது பேரும் முறை வைத்துப் பார்க்கலாம். அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து திறந்தே இருக்கும். "வாய் மூடவே இல்லையே சார், அடிபட்டிருக்கா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அடியெல்லாம் இல்லை, அந்த இனமே அப்படி, குஞ்சில் அலகு நேராக இருந்து வளர வளரத்தான் அந்தச் சந்து விழுகிறது. சேற்றில் அலகை விட்டுத் துழாவும், நத்தை கிடைத்ததும் ஆழமில்லாத தண்ணீரில் வைத்து மேல் அலகால் அமுக்கிக்கொள்ளும், கீழ் அலகின் கூர்முனையை நத்தையின் வாய்ப்பக்கம் விட்டு ஒரு நெம்பு நெம்பும், தலை லேசாக நடுங்குவது தெரியும், பிறகு ஓட்டை அங்கேயே போட்டுவிட்டுச் சதையை மட்டும் விழுங்கும். ஓடு பெரும்பாலும் உடைந்திருக்காது. ஒருமுறை வயலின் வாசிக்கிற பெண் ஒருத்தி இதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் "வில்லை இப்படித்தான் பிடிக்கணும்னு மாமி சொல்வாங்க, அமுக்கவும் கூடாது, விடவும் கூடாது" என்றாள். நான் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

வடுவூரில் இன்னொரு வசதி, பறவையில் நாட்டமில்லாத பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் போக ஒரு இடம் இருக்கிறது. ஊருக்குள் கோதண்டராமர் கோயில், அந்தச் சிலையின் அழகைப் பற்றிப் பேசாதவர் கிடையாது. ராம பக்தரின் ஆராதனைக்குப் போகும் பயணத்தில் அதை விட்டுவிட்டு வந்தால் பாட்டு மாமிகள் மன்னிக்கவே மாட்டார்கள். பாதிப் பேர் ஏரிக்கரை, பாதிப் பேர் கோயில், எட்டரைக்குப் பஸ். யாரும் யாரையும் இழுத்துப் பிடிக்க வேண்டாம். குறை என்று பார்த்தால், தண்ணீர் குறைவான வருஷத்தில் பறவை சட்டென்று குறைந்துவிடும், வரித்தலை வாத்தோ பூநாரையோ பார்க்க வேண்டும் என்று மனதில் வைத்து வருகிறவருக்கு ஏமாற்றம். வாத்து வகைகளில் பெட்டைகளைப் பிரித்தறிவது புதியவர்களுக்குத் தலைவலி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோடியக்கரையைப் பற்றிக் கேட்டால் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம் வரும், ஏனென்றால் இந்த ஐந்தில் மனதுக்குப் பிடித்தது அதுதான். 1967இல் சரணாலயம் ஆனது, 2002இல் ராம்சார். ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் உப்பளமும் சதுப்பும், நடுவில் உலர்ந்த பசுமை மாறாக் காடு, அதற்குள் வெளிமான் கூட்டம், யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகிற குதிரைகள். பூநாரைகள் வந்திருந்தால் அந்தச் சதுப்பில் தூரத்தில் ஒரு வெளிர் ரோஜாக் கோடு மட்டும் தெரியும், ஒன்று பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பும் கறுப்பும் தெரியும். உள்ளான் வகைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால் வளையம் போட்டு ஆராய்ந்து வருகிறார்கள். காட்டுக்குள் தோட்டக்கள்ளன் உண்டு, அதாவது நம் ஆறுமணிக்குருவி, குளிருக்கு வருகிற விருந்தாளி, விடியலிலும் அந்தியிலும் இரண்டு தெளிவான விசில். பாட்டுப் பிள்ளை ஒருமுறை கேட்டால் மறக்காது.

பாட்டுக் குழுவுக்கு வேறு சம்பந்தங்களும் இருக்கின்றன. வழியில் வேதாரண்யம், அங்கே அம்மன் பெயர் யாழைப்பழித்த மொழியம்மை. அம்மன் குரலுக்கு முன் தன் வீணை எடுபடாது என்று சரஸ்வதி வீணையே இல்லாமல் உட்கார்ந்திருப்பதாக ஐதிகம், சந்நிதியில் பார்க்கலாம். வீணைக்காரப் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுப் பாட்டுக்காரர்களை முறைப்பார்கள். கோடியக்கரைக்குள் ஒரு மணல் மேட்டில் ராமர் பாதம் என்று சின்னக் கோயில். போகிற வழியில் திருவாரூரையும் சேர்த்தால் சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊரையும் பார்த்துவிடலாம்.

தூரம்தான் இடிக்கிறது. தஞ்சாவூரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பெரிய பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம். காலையிலும் மாலையிலும்தான் அங்கே பறவை, மத்தியானம் போனால் வெயிலும் உப்புக் காற்றும்தான். ஆகவே வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும். உள் பாதைகளில் பெரிய பஸ் போகாது, வனத்துறை அனுமதியும் சின்ன வண்டிகளும் வேண்டும், உப்பளப் பகுதி தனியார் இடம், நினைத்தபடி நுழைய முடியாது. பூநாரை இருக்குமா என்பது அந்த வருஷ மழையையும் சதுப்பில் நிற்கும் தண்ணீரையும் பொறுத்தது. "பூநாரை பார்க்கப் போறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். கடல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். கடல் கட்டாயம் இருக்கும்.

பஞ்சமி முடிந்த பிறகு ஒரு முழு நாளும் ஒரு ராத்திரியும் இருந்தால், அதற்குப் பணமும் இருந்தால், நான் யோசிக்காமல் கோடியக்கரைக்குத்தான் வண்டியைத் திருப்பச் சொல்வேன். பஞ்சமிக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம். அந்த உப்புக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்த தொண்டையோடு மறுநாள் தியாகராஜரின் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தையும் நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை பாடிப் பாருங்கள், தெரியும்.

கடைசியாக, எங்கேயும் போகாமல் இருப்பது. இதை யாரும் ஒரு தேர்வாகவே நினைப்பதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்வாக்கில், அந்தச் சின்ன தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றுப் பாலம். ஒவ்வொரு பாலத்தின் கீழும் நாணல், தென்னை, படுகை, துணி துவைக்கும் படித்துறை. காலையில் இதில் ஏதாவது ஒரு படித்துறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் வெண்மார்பு மீன்கொத்தி, கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, நீர்க்காகம், செம்பருந்து, தையல்சிட்டு, மாங்குயில், குண்டுகரிச்சான், கதிர்க்குருவி என்று இருபது வகையைத் தொடுவது கஷ்டமில்லை. பெரிய நாரைக் கூட்டமோ வாத்துக் கூட்டமோ இருக்காது. ஆனால் இசை படிக்கிற பிள்ளைகளிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, காது. ஏரியில் அது அவ்வளவாக உதவாது, எல்லாம் தூரத்தில் இருக்கும். தோப்பிலும் படித்துறையிலும் அதுதான் பைனாகுலர்.

செம்மார்புக் குக்குறுவானை எடுத்துக்கொள்ளுங்கள். அரச மர உச்சியில் எங்கோ உட்கார்ந்து டுக் டுக் டுக் என்று தட்டும், சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, இலையோடு இலையாகப் பச்சை, கண்ணால் தேடினால் கழுத்துதான் வலிக்கும். மிருதங்கம் வாசிக்கிற பையன் ஒருவன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே நாலைந்து ஆவர்த்தனம் கேட்டுவிட்டு "காலப்பிரமாணம் விடவே இல்ல சார், இவனை எங்க கிளாஸ்ல சேர்த்துக்கலாம்" என்றான். செம்போத்து அடிக்குரலில் ஊப் ஊப் என்று இறங்கும், கதிர்க்குருவி புதருக்குள்ளிருந்து டக் டக் என்று நாக்கைத் தட்டும், ஆள்காட்டி ஆற்று மணலில் எதற்கோ பயந்து அலறும். இதையெல்லாம் சொற்கட்டாகவோ ஸ்வரமாகவோ ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், அப்புறம் குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைத் திறந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். முதலிலேயே செயலியைத் திறந்தால் காது வேலை செய்யாது, எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள். ஆராதனைக் கூட்டத்தில் சிக்னல் திணறும், இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. குயில்தான் பஞ்சமம் பாடும் என்று பாட்டு வகுப்பில் படித்துவிட்டு வந்த சின்னப் பிள்ளைகள் குயில் எங்கே என்று தேடும். தையில் அது பெரும்பாலும் வாயைத் திறக்காது, பங்குனி பக்கம் பாருங்கள் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான். இன்னொன்று, போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கிற வேலை வேண்டாம். அது எல்லை காக்கிற பறவையை வீணாக அலைக்கழிக்கும், தவிர பக்கத்து லாட்ஜ்காரர்களும் திட்டுவார்கள்.

பொங்கலையொட்டிய நாட்களில் அங்கே இருந்தால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் சேரலாம். 2015இலிருந்து தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எண்ணி, இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்தால் சரி, லாட்ஜ் மொட்டை மாடியே போதும். ஊர் ஊராகப் போய் ஏரி பார்த்த பிள்ளைகளைவிட மொட்டை மாடியில் எண்ணிய பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து எண்ணுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஒன்றை ஒப்புக்குச் சொல்லாமல் இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்.

எந்த நாள் என்பதும் எந்த இடம் என்பதற்குச் சமமான முடிவு. பஞ்சமியன்று காலை எதுவும் வேண்டாம், பஞ்சரத்னம் ஒன்பது மணிவாக்கில் தொடங்கிவிடும், அதற்கு முன்பே வண்டிகளைத் தூரத்தில் நிறுத்திவிடுவார்கள், இடம் பிடிக்கவே தனியாக ஓட வேண்டும். முதல் நாள் காலை வடுவூர், அன்று மாலை ஒத்திகை, பஞ்சமி மதியம் எல்லாரும் தூக்கம், மாலை நாலரைக்கு மேல் வேண்டுமானால் படித்துறை. இதுதான் எனக்குத் தெரிந்து நன்றாக ஓடுகிற வரிசை. முப்பது பேரையும் கட்டாயப்படுத்தி எழுப்புவதா, வருகிறேன் என்கிறவர்களை மட்டும் கூட்டிப்போவதா என்றால், இரண்டாவது. பத்துப் பேர் வந்தால் போதும். தூங்குகிறவர்கள் தூங்கட்டும், தூக்கமும் குரலுக்கு நல்லதுதான். பத்துப் பேருக்கு இரண்டு பெரியவர்களாவது வேண்டும், ஏரிக்கரை சறுக்கும், ஆற்றில் சுழல் இருக்கும், அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலையே உண்டு, "சும்மா கால் நனைக்கிறேன்" என்கிற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

தைப் பனியைப் பற்றி டீச்சர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கழுத்தில் மப்ளரோ துண்டோ, பிளாஸ்கில் சுக்குவெந்நீர், பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தாக்ஷரி பாடத் தடை. வாத்தியங்களை ஏரிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். பனி ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், அப்புறம் ஒன்பது மணிக்கு வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள் இறுகி ஏறும், வயலினும் சுருதியில் நிற்காது. லாட்ஜ் அறையில் பூட்டிவிட்டு, பொறுப்பான ஒருவரை அங்கேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

பைனாகுலர் எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் 10x42 நோக்கிப் போவார்கள், பெரிய எண் என்றால் பெரிதாகத் தெரியும் என்று. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். குழுவுக்கு 8x42தான் சரி. உருப்பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும், புதிய பிள்ளை பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் பறவை போய்விடும். விடியற்கால மங்கலிலும் 8x42 கொஞ்சம் வெளிச்சமாகக் காட்டும். மூன்று பேருக்கு ஒன்று இருந்தால் சண்டை வராது, இரண்டு பேருக்கு ஒன்று என்றால் சொர்க்கம். கேமரா ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஒரு கேமராக்காரர் கூட்டத்தையே நிறுத்தி வைத்துவிடுவார், நாலு பேர் வந்தால் ஏரியை விட்டுக் கிளம்பவே முடியாது.

எதுவுமே முடியாது, ஒத்திகை நேரத்தில் கை வைக்கவே டீச்சர் சம்மதிக்கவில்லை என்றால் பஸ் ஜன்னல் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடியோ கும்பகோணமோ எந்தப் பக்கம் போனாலும் கரண்டுக் கம்பியில் பனங்காடை, கரிச்சான், பஞ்சுருட்டான், கருந்தோள் பருந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மங்கல், பறக்கும்போது இறக்கையில் நீலம் பளீரென்று அடிக்கும், ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் தவறாது. ஜன்னல் சீட்டுக்கு அடிதடி வரும், கால் மணிக்கு ஒருமுறை இடம் மாறச் சொல்லுங்கள், கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு முதலில் அந்தப் பக்கம் யாரை உட்கார வைப்பது என்பதை டிரைவர் அண்ணனிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள்.